அண்ணன் வண்டிமேல் தம்பி வண்டி

"உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லும்மா, கியரை நியூட்ரல்ல போடச் சொல்லு."

டிரெய்லரில் வண்டியை இழுத்து ஏற்றும் வின்ச் பக்கத்தில் நின்று அண்ணன் சொன்னார். பிக்கப்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த தம்பியின் காதில் அது நன்றாகவே விழுந்தது. ஆனாலும் மனைவி திரும்பச் சொல்லும்வரை அசையாமல் இருந்தான்.

"போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டாச்சாம் மாமா."

அண்ணன் கார் கதவில் தம்பி போட்ட ஒரு கீறல். அதில் தொடங்கிய வாய்ச்சண்டையால் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இன்று காலை பிக்கப் கிளம்பாமல் அடம்பிடிக்க, ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போக மனைவி டிரெய்லருக்குப் போன் செய்தாள். வந்து இறங்கியது அண்ணன்.

"ஊர்ல வேற டிரெய்லரே இல்லையா?" என்று தம்பி பல்லைக் கடித்தான்.

"அவசரத்துக்குக் கிடைச்சது இதுதான். அவங்க முகத்துல முழிக்க எனக்கு மட்டும் ஆசையா?" என்று அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வின்ச் இழுக்க, பிக்கப் சாய்வுப் பலகைமேல் ஏறியது. முன்சக்கரம் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது.

"ஏம்மா, வலது பக்கம் ஒடிக்கச்..." சொல்லி முடிக்க ஏது நேரம்?

"டேய் எலி! வலதுல ஒடிடா! கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"ஒடிச்சுட்டேண்ணே!"

சக்கரம் நடுவுக்கு வந்தது. எலி என்று அவனைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. தொந்தி போட்ட எலிக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதுமாண்ணே?"

"போதாதுடா. பாரம் முன்னால வரணும். பின்னால இருந்தா, ஓடும்போது டிரெய்லர் வாலை ஆட்டும்."

ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு பெல்ட் மாட்டி, ஆளுக்கொரு பக்கம் இறுக்கினார்கள்.

"என்னடா, ரிப்பன் கட்டுறமாதிரி கட்டுறே! தள்ளு." அண்ணனே வந்து இறுக்கினார். "நீயும் ஏறு. கொஞ்ச தூரம் போனா பெல்ட் தளரும். நிறுத்தி இறுக்க இன்னொரு ஆள் வேணும்."

தினமும் தனி ஆளாகத்தான் அதைச் செய்கிறார் என்பது வேறு விஷயம். தம்பி குடுகுடுவென்று ஓடி முன்சீட்டில் ஏறினான்.

"அந்தக் கீறலுக்கு இன்னைக்கே பெயின்ட் அடிச்சுடலாம்ணே."

"வேணாம்டா. உன் ஞாபகமா இருக்கட்டும்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை உர்ரென்று நின்றிருந்தாள் தம்பி மனைவி. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு குட்டி ஃபியூஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அண்ணன் மனைவிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீங்க கழட்டச் சொன்ன ஃபியூஸ் பத்திரமா இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா போறாங்க. அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கிட்ட மட்டும் சொல்லிடுங்க, சாயங்காலம் வரைக்கும் கோளாறு என்னன்னு கண்டுபிடிக்கவே கூடாது!"