மூணு கேபிள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது உரக்கச் சொல்லுற சங்கதி இல்லை.

வேன்காரருக்குப் பொறுமை போய்க்கொண்டே இருந்தது. தன் போனில் சார்ஜ் ஏறவில்லை என்று முதல் தடவையாக அந்த ரிப்பேர் கடைக்கு வந்திருந்தார். மூணரை மணிக்கு அவர் வேன் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். அவருக்கு முன்னால் வந்தவன் வேலையோ முடிந்தபாடில்லை.

முன்னால் வந்தவன் ஒரு அண்ணன்காரன். தங்கச்சியின் போனையும் ஒரு பென்டிரைவையும் மேஜைமேல் வைத்தான்.

"போன வருஷம் தவறிப்போன எங்கம்மா படமெல்லாம் இதுல இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தி, பென்டிரைவ்ல போட்டுக் கொடுங்க. அப்புறம் போனைச் சுத்தமா அழிச்சிடுங்க. 'ட' மாதிரி இழுத்தா லாக் திறக்கும். நான்தான் வச்சுக் கொடுத்தேன்."

"தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றாள் கடைக்கார அக்கா.

"அவளுக்கு எதுக்குத் தெரியணும்? வேலைக்குப் போறாளாம், வேலைக்கு! நாளைக்குக் காலையில சேரணுமாம். ஆர்டர், சர்டிபிகேட்டைப் படம் பிடிச்சது எல்லாம் இதுலதான் வச்சிருக்கா. ஒரிஜினல் என் பீரோவுல, சாவி என் இடுப்புல. இதையும் அழிச்சுட்டா எதைக் காட்டிச் சேருவான்னு பார்க்கிறேன்!"

வேன்காரருக்குச் சுருக்கென்றது. பாவம், அந்தப் பொண்ணு. ஆனால் அடுத்தவன் வீட்டு விவகாரம். மணியைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா மேஜையடியில் கையை விட்டாள். ஒரு கருப்புக் கேபிளை எடுத்துப் போனைக் கம்ப்யூட்டரோடு மாட்டினாள். போனில் சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேபிள் சரியில்லை போல."

வெள்ளைக் கேபிள். சார்ஜ் ஏறியது, அவ்வளவுதான்.

சிவப்புக் கேபிள். அதுவும் அதே கதை.

போன் ஓட்டையில் ஊதினாள். பல் குத்தும் குச்சியால் தூசி எடுத்தாள். போனை அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டாள். அது மசக்கைக்காரி மாதிரி முக்கி முனகி எழுந்திரிக்கவே பத்து நிமிஷம் ஆனது.

நடுவில் ரெண்டு தரம் போன் அடித்தது.

"பக்கத்து வீட்டு நம்பர். அவதான் போனைத் தேடுறா" என்று அண்ணன்காரன் கட் பண்ணினான். "ஏங்க, போர்டுல இருபது வருஷ அனுபவம்னு எழுதியிருக்கீங்களே?"

"போர்டு எழுதினவருக்கு இருபது வருஷ அனுபவம்" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

வேன்காரரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஏம்மா, இந்த மூணும் சார்ஜுக்கு மட்டும் ஆகிற கேபிள்! படம் ஏத்துற கேபிள் வேற. இந்தா, என்னோடது. போன வாரம் வாங்கினது. என் மகன் இதுலதான் ஏத்துறான், சல்லுன்னு ஏறுது."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பச்சை மிளகாயைக் கடித்தவள் பார்க்கிற பார்வை. கேபிளை வாங்கிக் கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டையில் செருகினாள்.

இந்தத் தடவை சார்ஜ்கூட ஏறவில்லை.

"ரொம்ப நல்ல கேபிள்தான் போங்க" என்று அண்ணன்காரன் சிரித்தான். வேன்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

"சார், இப்போதைக்கு முடியலை" என்றாள் அக்கா. "அப்படியே அழிச்சிடட்டுமா? அம்மா படமும் சேர்ந்து போயிடும்."

அண்ணன்காரன் பாய்ந்து போனைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, வேண்டாம்! அம்மா சிரிக்கிற படம் இது ஒண்ணுலதான் இருக்கு."

"அப்ப விட்டுட்டுப் போங்க. நாளைக்குச் சாயங்காலம் வாங்க. ஒரு படம் குறையாது, அது என் பொறுப்பு."

"வேலை தெரியாதவங்களுக்கெல்லாம் ஒரு கடை" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் படியிறங்கினான்.

வேன்காரரும் எழுந்தார். "நானும் கிளம்புறேம்மா. உன்கிட்ட கொடுத்தா என் போனுக்கு இருக்கிற உயிரும் போயிடும்."

"உட்காருங்கண்ணே."

அவர் கொடுத்த கேபிளையே பிடுங்கிக் கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் செருகினாள். போனில் 'ட' போட்டாள். சார்ஜ் மட்டும் போதுமா, படமும் அனுப்பணுமா என்று போன் கேட்டது. ஒரு தட்டு தட்டினாள்.

டிங்!

"அட, பிடிச்சிடுச்சே!"

"முன்பக்க ஓட்டை செத்து ரெண்டு வருஷமாச்சுண்ணே. நல்லவேளை, சமயத்துல ஞாபகம் வந்துச்சு. நல்லது பண்றேன்னு கொஞ்சத்துல காரியத்தைக் கெடுத்திருப்பீங்க."

வேன்காரர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மூணாவது தடவையாகப் போன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

"அது என் போன்! நீங்க யாரு?" அழுகுரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"ரிப்பேர் கடைம்மா. முதல்ல கண்ணைத் துடை. வேலையில சேர நகல் போதுமா?"

"போதும்க்கா... ஒரிஜினல் ஒரு மாசத்துல கொடுத்தாப் போதும்னாங்க."

"எந்தெந்தப் பேப்பர்னு சொல்லு, எடுத்து வைக்கிறேன். காலையில ஏழு மணிக்கே கடையைத் திறக்கிறேன். வாங்கிட்டு நேரா வேலைக்குப் போ."

வேன்காரர் தொண்டையைச் செருமினார். "ஏழு மணிக்கு என் வேன் இந்த வழியாத்தான் போகும். காலியாத்தான் போகும்னு சொல்லும்மா."

சொன்னாள்.

"சரி, நாளைக்குச் சாயங்காலம் அண்ணன்காரன் வந்து அழிக்கச் சொன்னா?" என்று கேட்டார் வேன்காரர்.

"அழிச்சுக் கொடுத்துடுவேன். வாங்கின வேலையை முடிக்கணுமில்ல?"

வேன்காரர் தன் போனை மெல்ல அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் துப்பிக்கொண்டிருக்க, அக்கா அந்த அம்மா படங்களை ஒன்று விடாமல் அண்ணன்காரனின் பென்டிரைவில் ஏற்றினாள். பிறகு கருப்பு, வெள்ளை, சிவப்பு மூணு கேபிளையும் பக்குவமாகச் சுருட்டி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். மூடிமேல் எப்போதோ ஒட்டிய சீட்டில், மை மங்கிய எழுத்தில் எழுதியிருந்தது: 'அடுத்தவங்க போனைத் தூக்கிட்டு வர்றவங்களுக்கு.'