யாருக்குப் பசி?

புருஷன் தட்டிலிருந்து மருமகள் முட்டையை எடுத்துத் தின்பதை அந்த அம்மாள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

ஒன்றல்ல, மூன்று. போதாததற்கு மகனே தட்டை அவள் பக்கம் நகர்த்தி வேறு வைத்தான்.

பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

"ஜிம்முல சேர்ந்தாச்சும்மா. எடை தூக்கினா பசி பிச்சு எடுக்கும். முட்டை, பருப்பு, பால் எல்லாம் இனிமே கூடுதலா வேணும். சாப்பாடு குறைஞ்சா சதை பிடிக்காதாம்."

இரண்டு மாதத்துக்கு முன்பு மகன்தான் இப்படிச் சொன்னான். இன்சூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலியைத் தேய்க்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு புத்தி வந்ததே என்று அம்மாளுக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து அவனுக்கு அளந்து போடுவதை விட்டு அள்ளிப் போட்டாள்.

தினமும் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகத்தான் ஜிம்முக்குக் கிளம்பினார்கள். மருமகள் துணைக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று அம்மாள் விட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. அள்ளிப் போடுவது மகனுக்கு. ரவிக்கைக் கை இறுகுவது மருமகளுக்கு! மகனுக்கோ தொப்பை மட்டும் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

மகன் ஆபீஸ் போனதும் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, வேணும்னா என்கிட்ட கேட்டா போடமாட்டேனா? அவன் தட்டுலதான் கை வைக்கணுமா?"

"இல்லத்தை... திடீர்னு ரொம்பப் பசிச்சிடுச்சு."

"இப்படிப் பசிக்குதுன்னா..." அம்மாளின் குரல் சட்டென்று குழைந்தது. "ஏதாவது விசேஷமா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லத்தை!"

மருமகள் முகம் சிவந்து உள்ளே ஓடிவிட்டாள். அம்மாளுக்கு இன்னும் குழம்பியது. விசேஷமும் இல்லை, வியாதியும் இல்லை. பிறகு என்ன பசி இது, புருஷன் சோற்றைப் பிடுங்கித் தின்கிற பசி?

சாயங்காலம் நேரே ஜிம்முக்கே போய்விட்டாள்.

உள்ளே இரும்புச் சத்தம் காதைப் பிளந்தது. பயிற்சியாளர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"தம்பி, எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இங்க வர்றான். நெட்டையா, கண்ணாடி போட்டிருப்பான். காலையில பெண்டாட்டியோட வருவான். உடம்புல சதையே ஏறலையே, என்ன சொல்லிக் குடுக்கறீங்க?"

"அவரா? அவரு எங்கம்மா தூக்கறாரு! அந்த பெஞ்சுல உட்கார்ந்து போனைப் பார்த்துட்டிருப்பாரு. தூக்கறதெல்லாம் அவரு வீட்டுக்காரம்மாதான்."

"அவளா? அவளுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். அவங்க மாமியார் குளிக்கும்போது வழுக்கி விழுந்துட்டாங்களாம். இந்தப் பொண்ணு தனியா இழுத்துப் பார்த்திருக்கு, முடியலை. வேற வழியில்லாம பக்கத்து வீட்டு ஆம்பளைங்களைக் கூப்பிட்டிருக்கு. ஒரு துண்டைச் சுத்திக்கிட்டு அந்தம்மா கூசிக் குறுகினதைப் பார்த்துட்டு மனசு கேக்கலையாம். 'இனிமே ஒரு ஆம்பளை உள்ள வரக்கூடாது, நானே தூக்கணும் மாஸ்டர்'னு வந்து நின்னுச்சு. அந்தப் பேச்சை எடுத்தாலே அத்தை உடைஞ்சு போயிடுவாங்க, அவங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் டக்கென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அம்மா... அப்ப நீங்க..."

அம்மாள் முந்தானையால் மூக்கை ஒற்றிக்கொண்டு கேட்டாள்:

"அவளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை முட்டை வேணும், தம்பி?"