நாருள்ளது தனியாக

சொக்கம்மாள் கையிலிருந்த தகட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகம் சுளித்தாள். அதை இடப்பக்கச் சாக்கின்மேல் வைத்தாள்.

வரப்பில் வந்துகொண்டிருந்த மாஹிரா அப்படியே நின்றுவிட்டாள்.

மரவள்ளி மாவில் அவள் செய்த, மண்ணில் மக்கும் பிளாஸ்டிக் தகடுகள் அவை. பாதியில் தேங்காய் நாரைப் பொடியாக அரைத்துக் கலந்திருந்தாள். மீதியில் கலக்கவில்லை. நார் சேர்ந்தால் தகடு மண்ணில் தாக்குப்பிடிக்குமா, சீக்கிரம் சிதையுமா? அவளுடைய ஆராய்ச்சிப் பட்டமே இந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மானாம்பதியில் சொக்கம்மாளின் நிலத்து ஓரத்தைக் கேட்டு வாங்கி, தை மாதம் புதைத்தாள். நாருள்ள இடத்தில் சிவப்புக் குச்சி, இல்லாத இடத்தில் வெள்ளைக் குச்சி.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வயலுக்குள் தண்ணீர் ஏறியது. நேற்று ஊர் டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு, சொக்கம்மாளை வரவழைத்து, கொரகொரப்புக்கு நடுவே கத்தினாள்: தோண்டி எடுத்து, நாருள்ளது தனியாக, நாரில்லாதது தனியாக வையுங்கள்.

இப்போது குச்சிகள் எல்லாம் ஒரே கட்டாக வரப்பில் கிடந்தன. சேறு அப்பிய தகடுகள் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி, வறட்டி போல.

“இன்னாக்கா பண்றீங்க?”

“நீதானம்மா போன்ல சொன்ன? நாறுறது தனியா, நாறாதது தனியா வைய்யின்னு. மோந்து மோந்து எனக்கு நாஷ்டாவே எறங்கல. பேஜாரு புடிச்ச படிப்புமா இது!”

மாஹிரா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நம்பிக்கையில்லாமல் இடப்பக்கச் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஓரத்தைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியை வைத்தாள்.

நார்.

அடுத்தது. அதிலும் நார்.

வலப்பக்கச் சாக்கில் இருந்தவற்றில் மருந்துக்கும் நார் இல்லை.

நார் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் புகுந்த தகடு அழுகும். அழுகினால் நாறும். பட்டத்துக்கான விடை சொக்கம்மாளின் மூக்கு வழியாக வந்து சேர்ந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இடப்பக்கச் சாக்கில் கடைசியாக ஒன்று மிச்சம். எல்லாவற்றையும்விட அதுதான் நாறியது. வளைத்தால் வளைந்தது, உடையவில்லை. கண்ணாடியில் ஒரு இழை நாரும் தெரியவில்லை.

நாரே இல்லாமல் இந்த நாற்றமா? இவ்வளவு நாறியும் துளிகூடச் சிதையவில்லையா? கைக்கு வந்த பட்டம் நழுவுகிற மாதிரி இருந்தது. ஓடிப்போய் வாய்க்காலில் அலசினாள்.

சேறு கரைந்ததும் மூன்று ஓட்டைகள் தெரிந்தன.

சொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“அட, எங்க வூட்டுக்காரரு செருப்பு! ஆனா நாறுதே, அதான் இந்தப் பக்கம் வச்சேன்.”