முட்டி உயரத்தில் நின்ற சுவர்

இதை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை மாறினாலும் ஓய்னிஸோவைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செப்டம்பரில் நிலம் லேசாக ஆடியது. ஊரில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுப் பின்சுவர் மட்டும் விழுந்தது. மூன்று மரக்கம்புகளை முட்டுக்கொடுத்துக் கூரையை நிறுத்தினேன். கணவர் ரஷ்யாவில் யாருக்கோ சுவர் கட்டிக்கொண்டிருந்தார். பனி இறங்குவதற்குள் சுவர் எழும்பாவிட்டால், பனியின் கனத்தில் கூரை என் மேலும் என் மகள் ஜுமகுல் மேலும்தான் விழும்.

எங்கள் கீழத்தெருவில் ஹஷாருக்கு, தெருவே கூடிச் செய்கிற வேலைக்கு, சொன்னேன். கூலி கிடையாது. வருகிறவர்களுக்குப் புலாவ் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் வெள்ளிக்கிழமை இருபது பேர் வந்தார்கள். மண்ணும் வைக்கோலும் மிதித்து, முட்டி உயரத்துக்குச் சுவரில் ஒரு அடுக்கு, ஒரு படை, போட்டார்கள்.

"கவலைப்படாதீங்கக்கா, நாங்க இருக்கோம்" என்று கண்கலங்கினார்கள்.

ஒரு படை காய ஒரு வாரம் ஆகும். காய்ந்த பிறகுதான் அடுத்தது. மொத்தம் ஐந்து படை.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். சாப்பிட்டார்கள். "ஆள் போதலையே" என்று போய்விட்டார்கள்.

மறுநாள் ஜுமகுல் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அம்மா, ஓய்னிஸோ அத்தை வீடு வீடாப் போய் நம்ம சுவரைப் பத்திப் பேசுறாங்க!"

ஓய்னிஸோ எங்கள் தெருதான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. தண்ணீர் திருப்புகிற தகராறில் எங்களுக்குள் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

"என்னடி பேசுறா?"

"'சவ்ரி வீட்டுச் சுவர் முட்டிக்கு மேல எழும்பாது, கீழத்தெருவுல ஆம்பளைங்களே இல்லைன்னு மேலத்தெருவுல சிரிக்கிறாங்க'ன்னு."

அந்த மூன்று பேரும் இனி வரமாட்டார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் கம்புகள் முனகின. ஜுமகுலை வாசலை ஒட்டியே படுக்கவைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெளியே ஒரே கூச்சல். என்னால் தெரு மானம் போனதென்று சண்டைக்குத்தான் வந்துவிட்டார்கள் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

முப்பது பேர். முன்னால் கடைசி வீட்டுச் சங்கின், தோளில் மண்வெட்டியோடு.

"மண்ணு எங்கக்கா? மேலத்தெருக்காரன் சிரிக்கிறானாமே! அவன் கட்டின சுவத்துல கழுதைகூடச் சாயாது!"

"பேசினது போதும், சேத்துல இறங்குடா!" என்று பின்னால் ஒருவர் அவனைத் தள்ளினார்.

மூன்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று படை ஏறியது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம் வாய்க்காலில் மேலத்தெரு ருக்கியாவைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

"என் சுவரைப் பார்த்துச் சிரிச்சீங்களாமே?"

"யாரு? விழுந்த வீட்டைப் பார்த்து யாராவது சிரிப்பாங்களா? எங்க தெருவையும் கூப்பிடலையேன்னுதான் எங்களுக்கு வருத்தம்."

வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓய்னிஸோ வீட்டுக்குப் போனேன். அவள் தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"மேலத்தெருவுல யாருமே சிரிக்கலையாமே?"

"மெதுவாப் பேசு. இரக்கப்பட்டு ஒரு தடவை வந்தாங்க. மறுவாரமே இரக்கம் தீர்ந்துபோச்சு. ரோஷம் வந்தாத்தான் இவனுங்க கை ஓயாது. இருபத்தஞ்சு வருஷமா ஒருத்தன்கூடக் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான்தான் உன்கூடப் பேசுறதில்லையே." அடுத்த ரொட்டியை அடுப்புக்குள் அறைந்தாள். "தண்ணி விஷயத்துல இன்னும் கோபம்தான். அதுக்காக உன் பொண்ணு தலையில கூரை விழணுமா?"

கடைசிப் படைக்கு முந்தின நாள் காலையில் மலை உச்சி பனியில் வெளுத்திருந்தது. வாசலில் சங்கின் நின்றான். பின்னால் ஐந்தாறு பேர். யார் கையிலும் மண்வெட்டி இல்லை.

"அக்கா, மேலத்தெருவுல போய்ச் சண்டை போட்டேன். அப்படிச் சொல்லவே இல்லைன்னு சத்தியம் பண்றாங்க. எல்லாம் அந்த ஓய்னிஸோ கட்டிவிட்ட கதையா? எங்களை முட்டாளாக்கினாளா?"

ஆமாம் என்றால் அவளை ஊர் சும்மா விடாது. சுவரும் அதோடு நின்றுவிடும். அவளைப் பொய்க்காரி என்று இரண்டு வருஷமாக நான் சொல்லாத வீடில்லை.

முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

"அவ எங்கே கதை கட்டினா? நானே என் காதால கேட்டேன், தம்பி. அதுலயும் உன் பேரைச் சொல்லித்தான் ரொம்ப நேரம் சிரிச்சாங்க."