மாப்பிள்ளையின் முதல் மனைவி

மாப்பிள்ளைக்கு விவாகரத்து வாங்கிக் கொடுக்க மாமனாரே வக்கீல் ஆபீசுக்கு வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் தாலி கட்டாத மாப்பிள்ளை அர்ஜுன் அவருக்குப் பக்கத்தில். மகள் நிரஞ்சனா அதற்கும் அந்தப் பக்கம், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடி அது. கீழே தாலி எடுத்தவர்கள் மனம் மாறினால் பதினெட்டுப் படி ஏறினால் போதும். அப்படி ஒரு வசதி.

“கல்யாணமே ஆகல, அதுக்குள்ள டைவர்ஸா?” வக்கீல் ஜேசுதாசனுக்குப் புரியவில்லை.

“இவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு ஆயிருக்கு சார். நான்தான் கண்டுபிடிச்சேன்,” என்றார் செல்லக்கண்ணு.

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை அவன் உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே பிடித்துவிடுவேன் என்பார். பிடித்தவர்களில் பாதிப் பேரிடம் டிக்கெட் இருந்தது என்பது வேறு விஷயம்.

மகளுக்கு வரன் தேடியபோது அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். சொந்த வீடு இல்லாதவனுக்குப் பெண் கிடையாது. புரோக்கர் கொண்டுவந்த பதினாறு ஜாதகத்தில் பதினைந்தை நிரஞ்சனா வேண்டாம் என்றாள். பதினாறாவதுக்கு, “உங்க இஷ்டம்ப்பா” என்று அடக்கமாகச் சொன்னாள்.

போன ஞாயிறு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க மூன்று பேரும் பொங்கோலுக்குப் போனார்கள். பதினான்காவது மாடி, அரசாங்கம் கட்டி விற்கிற புத்தம் புது எச்டிபி வீடு, பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. சமையலறையில் செல்லக்கண்ணு விளக்கு சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவியபோது, “ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்குப்பா” என்று ஹாலில் இருந்தபடியே சொன்னாள் நிரஞ்சனா.

அவர் புத்தி அப்போது வேறு இடத்தில் இருந்தது. முப்பத்தைந்து வயது ஆகாத ஒண்டிக்கட்டைக்கு அரசாங்கம் இப்படிப் புது வீடு கொடுக்காது. இவனுக்கோ இருபத்தொன்பது. அப்படியென்றால் வீட்டுப் பத்திரத்தில் இன்னொருத்தி இருக்கிறாள்.

அங்கேயே நிற்க வைத்துக் கேட்டார். பையன் மறைக்கவில்லை.

“வீடு அப்ளை பண்றதுக்காக ரெஜிஸ்டர் பண்ணோம் அங்கிள். தாலி எதுவும் கட்டல. அந்தப் பொண்ணு யாருன்னா...”

“பேரைச் சொல்லாத. எனக்கு அது தேவையில்ல. முதல்ல அவளை அறுத்துவிடு. கோர்ட்டு பேப்பரை என் கண்ணால பார்க்கணும். அதுக்கப்புறம்தான் கல்யாணத் தேதி.”

மனைவி இல்லாதவனுக்கு வீடு இல்லை என்கிறது அரசாங்கம். வீடு இல்லாதவனுக்கு மனைவி இல்லை என்கிறார் செல்லக்கண்ணு. நடுவில் மாட்டுகிறவன் என்ன செய்வான் என்று ரெண்டு பேருமே யோசித்ததில்லை.

“ரெஜிஸ்டர் பண்ணி எவ்வளவு நாளாச்சு?” ஜேசுதாசன் பேனாவை எடுத்தார்.

“நாலு வருஷம் எட்டு மாசம்,” என்றான் அர்ஜுன்.

“மூணு வருஷம் ஆனாத்தான் மனு போட முடியும். அது தாண்டிருச்சு, போடலாம். பிள்ளைங்க?”

“இல்ல சார்.”

“இல்லன்னு அவன் சொல்றான். எழுதி வாங்கிக்குங்க,” என்றார் செல்லக்கண்ணு.

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பிள்ளை இல்ல, ரெண்டு பேருக்கும் சம்மதம்னா வம்பு வழக்கே இல்ல, சுலபமா முடிஞ்சிடும். ஆனா, வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம்.”

செல்லக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். “வீடு போச்சுன்னா எம்பொண்ணு எங்க இருக்கும்? ஒண்ணு பண்ணுங்க சார். அவ பேரை எடுத்துட்டு, அதே இடத்துல எம்பொண்ணு பேரைப் போட்டுடுங்க.”

அர்ஜுனுக்கு இருமல் வந்தது. நிரஞ்சனா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“நெனச்ச மாதிரி மாத்த முடியாதுலா அங்கிள்,” என்றார் ஜேசுதாசன். “முதல்ல மேரேஜ் சர்ட்டிபிகேட்டைக் காட்டுங்க.”

அர்ஜுன் கொடுத்தான். வக்கீல் படித்தார். கண்ணாடியைக் கழற்றி நிரஞ்சனாவைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். வாயைத் திறந்தாலே பில் போடுகிற தொழில், அப்படியும் அவர் திறக்கவில்லை.

“பேரை மட்டும் படிச்சிடாதீங்க சார்,” செல்லக்கண்ணு கையைக் காட்டித் தடுத்தார். “பெத்த அப்பனுக்குத் தெரியாம ரெஜிஸ்டர் பண்ணியிருக்கா. நாலரை வருஷமா அந்த ஆளு என்ன பண்ணிட்டு இருந்தானாம், தூக்கமா?”

“நல்லவராத்தான் இருப்பாருப்பா,” என்றாள் நிரஞ்சனா. “கொஞ்சம் சந்தேகப் பேர்வழியா இருக்கலாம்.”

“சந்தேகப்படறவன் வீட்டுல இப்படி நடக்குமா? சரியான ஏமாளியா இருப்பான்.” அவர் அர்ஜுன் பக்கம் திரும்பினார். “அந்த ஆளு நம்பர் இருக்காடா உங்கிட்ட?”

“இருக்கு அங்கிள்.”

“போடு. நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன். பொண்ணை இப்படியா வளப்பான் ஒருத்தன்?”

அர்ஜுன் நிரஞ்சனாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் ஃபோனை எடுத்து ஒரு பெயரைத் தொட்டுவிட்டு, காதில் வைத்துக் காத்திருந்தான்.

செல்லக்கண்ணுவின் சட்டைப் பையில் மணி அடித்தது. நேரம் தெரியாமல் எவனோ கூப்பிடுகிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே கட் பண்ணப் போனவர், திரையில் அர்ஜுன் பெயரைப் பார்த்துவிட்டு விரலை அப்படியே நிறுத்தினார்.

“எடுத்துப் பேசுங்கப்பா,” என்றாள் நிரஞ்சனா.