குளத்துக்காக வாதாடியவர்

தலையில் ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து மண் லாரிக்குக் குறுக்கே நின்றார் சிராஜுதீன். இடுப்பில் கைலியும் தொப்பலாக நனைந்திருந்தது.

"குளத்த மூடாதிய அண்ணாச்சி. ஒரு அஞ்சு நிமிசம் நான் சொல்லுதத கேளுங்க."

மைதானத்தின் முதலாளி எஸ்றாவுக்கு மனசு இளகிவிட்டது. "ஆத்துல குளிச்சிட்டு இருந்தவரு தலையக்கூட துவட்டாம ஓடி வந்தீராக்கும்?" என்று, சிராஜுதீனின் காதோரம் ஒட்டியிருந்த பாசியைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டார். துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டு வருஷம் புல் வெட்டியவர் சிராஜுதீன். இப்போது எஸ்றாவிடம் அதே வேலை.

ஆழ்வார்குறிச்சிக்கு வெளியே, ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு கோல்ஃப் மைதானங்கள். அந்தப் பக்கத்தது சிவகணேஷுடையது. தோசைக்கல் மாதிரி தட்டை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் பந்து குழிக்குப் பக்கத்தில் போய் சமர்த்தாக நிற்கும்.

எஸ்றாவுடையது அதற்கு நேர்மாறு. பாறை, உடைமரம், இஷ்டத்துக்குக் குறுக்கே போகிற மயில், நட்ட நடுவில் தாமரை மண்டிய ஒரு குளம். பாளையங்கோட்டையிலிருந்து காரில் வரும் டாக்டர்களும் வக்கீல்களும் எந்தத் திசையில் அடித்தாலும் பந்து அந்தக் குளத்தில்தான் போய் விழும்.

"எல்லாம் இந்தக் குளத்தாலதான்வே. போன மாசம் மட்டும் பதினோரு பேரு வேலி தாண்டி அங்கன போயிட்டாவ. இன்னும் பத்து பேரு போனா கேட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்." என்றார் எஸ்றா. அப்பா விட்டுப்போன வயலை, சொந்தபந்தம் அத்தனை பேரும் தடுத்தும் கேட்காமல் மைதானமாக்கியவர் அவர்.

"மூடுனா மட்டும் நிப்பாவளா? ரெண்டும் ஒண்ணு போல ஆயிருச்சுன்னா, புதுசா இருக்க அவரு மைதானத்துக்குத்தான் போவாவ." சிராஜுதீன் விடுவதாக இல்லை. "ஒரு வக்கீலு ஒரே நாள்ல ஏழு பந்த குளத்துல போட்டாருல்லா? அவரு மறுநாள் வந்தாரா இல்லியா?"

"வந்தாரு."

"பத்து பந்தோட வந்தாரு. அதான் அண்ணாச்சி வெளையாட்டு. அங்கன ஜெயிச்சவனுக்கு நாலு நாள்ல சலிச்சுப் போவும். இங்கன தோத்தவனுக்குத் தூக்கம் வராது, விடிஞ்சதும் நம்ம கேட்ல வந்து நிப்பான். துபாய்ல நான் கண்ணால பாத்தது. குளம் இல்லாத மைதானம் ரொம்ப நாள் ஓடாது."

லாரிக்காரர் சுடலைமணி பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். எஸ்றா குளத்தைப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடியும் குளத்தைப் பார்த்தார். பிறகு, மண்ணைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

"எனக்கு இல்லாத அக்கற உமக்கு இருக்கேவே," என்று சிராஜுதீனின் கையைப் பிடித்துக்கொண்டபோது எஸ்றாவுக்குக் கண் கலங்கியது. சிராஜுதீனுக்கும் கலங்கியது. சத்தியமாக அது நடிப்பில்லை.

வீட்டில் சிராஜுதீனின் மனைவி முஃபீதா அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாக்கிலிருந்து கோல்ஃப் பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேறு போகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பந்துகள் இரண்டு வாளி நிறைய மின்னின. திருவனந்தபுரத்துக் கடைக்காரர் சாயங்காலம் காசு கொடுத்து எடுத்துப்போக வருவார்.

"மண் லாரி போவுதத பாத்ததுல இருந்து எனக்கு உசுரே இல்ல. குளத்த மூடிட்டாவளா?"

"மூடல." சிராஜுதீன் கைலியைப் பிழிந்தார். "விடியக்காலம் நான் குளத்துல முங்கிட்டு இருக்கும்போதே லாரிய கொண்டாந்துட்டாவ. நல்லவேள, அண்ணாச்சி நான் சொன்னத கேட்டாரு."

முஃபீதாவுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் கவலை முழுசாகப் போகவில்லை. "பதினோரு பேரு அங்கன போயிட்டாவன்னு அன்னைக்கு சொன்னியளே. அவுக பந்தெல்லாம் நமக்கு இனி கெடைக்காதுல்லா?"

"அதுக்கென்ன, நாளைக்கு சிவகணேஷ் அண்ணாச்சியப் பாத்து, அங்கனயும் ஒரு குளம் வெட்டச் சொல்லுதேன்."