வரப்போரத்துப் பச்சை

ஜூலை ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குழுவின் சோதனை வயலுக்குத் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இதுவே என் புகார்.

மழை பருவம் தவறத் தொடங்கியபின், சிறு நிலம் வைத்திருக்கும் நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வறட்சியைத் தாங்கும் என்று சொல்லப்படும் புது விதையை, சீட்டு விழுந்த ஒருவர் மட்டும் தம் வயலில் விதைப்பார். வானம் கொடுப்பதைத் தவிர ஒரு சொட்டும் பாய்ச்சக் கூடாது. பயிர் தாங்கினால் அடுத்த பருவத்தில் அனைவரும் அதையே விதைப்போம். கருகினால் ஆளுக்குக் கொஞ்சம் தானியம் அவருக்கு அளப்போம்.

இம்முறை சீட்டு தையற்காரிக்கு விழுந்தது. கணவனை இழந்தவள். அந்தச் சோள வயலைத் தவிர அவளுக்கு வேறு நிலம் இல்லை.

இன்று காலை வரப்பில் கூடினோம். வாரக்கணக்கில் மழை இல்லை. சோளமோ ஆளுயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது.

"வாத்தியாரே, நீங்கதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க. பயிரு சிரிக்குது" என்றார் டிராக்டர்காரர் என்னிடம். "கையத் தூக்குங்கப்பா. விதைக் கடைக்கு இன்னிக்கே சொல்லணும்."

கைகள் உயர்ந்தன.

நான் குனிந்து, ஒரு தூரடியில் விரலை விட்டேன். நகக்கண்ணில் சேறு ஏறியது.

"யாரு ஊத்தினது?"

டிராக்டர்காரர் வானத்தைப் பார்த்தார். கொத்தனார் தொண்டையைச் செருமினார்.

"விடியறதுக்கு முன்ன ஒரு குடம்தாண்ணே. அந்தப் பொண்ணு முகத்தப் பாக்க முடியல."

"அடப்பாவி, நீயுமா?" என்றாள் பால்காரி.

வரிசையாகத் தலைகள் குனிந்தன. ஒவ்வொருவரும் தாம் மட்டுமே ஊற்றுவதாக நினைத்திருந்தனர்.

"ஓரத்துல ஒரு குடம் ஊத்தினா விதை கெட்டுப்போயிடுமா?" என்ற டிராக்டர்காரர் கையை இறக்கவில்லை. மற்றவர்களும் இறக்கவில்லை. அடுத்த ஆண்டு அத்தனை வீடுகளிலும் அடுப்பு எரிவது அந்தக் கைகளில்தான் இருந்தது.

தையற்காரி வயலுக்குள் இறங்கினாள். ஓரப் பயிரை இரு கைகளாலும் விலக்கிப் பிடித்தாள்.

உள்ளே, குடத்து நீர் எட்டாத இடமெல்லாம், முழங்கால் உயரத்தில் கருகி நின்றது சோளம்.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அவள் என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் ஊத்தினாங்க. நீங்க மட்டும் ஊத்தலயேப்பா."

மெச்சுகிறாளா, நோகிறாளா என்று என் மகளிடம் நான் கேட்கவில்லை.

வாசகரே, உங்கள் ஊரிலும் இப்படியொரு வயல் இருக்கும். குடத்தைக் கீழே வையுங்கள். வரப்பில் நின்று கை தூக்காதீர்கள்; உள்ளே இறங்கிப் பாருங்கள். கருகியிருந்தால், அளப்பதாகச் சொன்ன தானியத்தோடு அந்த வீட்டு வாசலுக்குப் போங்கள்.